அவளிடம் நான் எந்தப் பாஷையில் பேசுவேன்?



2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்துபோன பின்பு, ஒரு தகப்பனும் தாயும் என் அறைவாசலில் தயங்கி நின்றார்கள். தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து 1981-இல் மும்பைக்கு வந்து, தாராவியில் தோல்பை தைக்கும் தொழில் செய்து பிள்ளைகளை ஆளாக்கிய குடும்பம் அது. மூத்த மகன் ஒரு துணி வியாபார நிறுவனத்துக்காகச் சீனாவில் வேலை செய்துகொண்டிருந்தான். செஜியாங் மாகாணத்தில் ஷாவ்ஷிங் நகரைச் சேர்ந்த கெச்சியாவ் என்னும் பகுதி துணிச் சந்தைக்குப் பேர்போனது. நம் நாட்டு வியாபாரிகள் பலர் அங்கே தங்கித் துணி வாங்கி அனுப்புகிறார்கள். அங்கேயே ஒரு சீனப் பெண்ணை விவாகம் செய்ய விரும்புவதாக மகன் தொலைபேசியில் சொல்லிவிட்டான்.

தகப்பன் நிறம், உணவு, உறவினர் பேச்சு என்று பலவற்றைச் சொல்லி வருந்தினார். தாயார் நெடுநேரம் பேசவில்லை. கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டார்: "ஐயா, அவளிடம் நான் எந்தப் பாஷையில் பேசுவேன்?"

பெண் கிறிஸ்தவளா, நல்ல குடும்பமா என்று கேட்க ஆயத்தமாயிருந்த எனக்கு அந்தக் கேள்விக்கு உடனே பதில் இல்லை. வேதாகமக் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் சிறிது கற்பித்தார்கள். ஒரு மாமியாரும் மருமகளும் பொதுவான ஒரு சொல்கூட இல்லாமல் ஒரே சமையலறையில் எப்படி நிற்பது என்பதை எவரும் கற்பிக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் அனுமதியோடு, பெயர்களை விட்டுவிட்டு, அவர்களோடு நானும் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். உங்கள் பிள்ளைகளும் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் ஷாங்காயிலும் வேலை செய்கிறார்கள். நாளை இதே கேள்வி உங்கள் வீட்டு வாசலுக்கும் வரலாம்.

நாமும் பாஷை அறியாதவர்களாய் வந்தோம்

அந்தத் தாயாரிடம் நான் திருப்பிக் கேட்டேன்: "அம்மா, நீங்கள் மும்பைக்கு வந்தபோது எந்தப் பாஷையில் பேசினீர்கள்?"

அவர் முகம் மலர்ந்தது. வந்த புதிதில் அவர் அறிந்திருந்த இந்திச் சொற்கள் பத்துக்கும் குறைவு. அவற்றுள் ஒன்று இனிப்பைக் குறிக்கும் 'மீட்டா'. பக்கத்து வீட்டு மராத்திய அம்மாள் ஒருநாள் கிண்ணத்தோடு வந்து 'மீட்' கேட்டாராம். இவர் கிண்ணம் நிறையச் சர்க்கரையை அள்ளிக் கொடுத்தார். மராத்தியில் 'மீட்' என்றால் உப்பு என்பது அன்று மாலைதான் தெரிந்தது. அந்த மராத்திய அம்மாள் கோபிக்கவில்லை. சிரித்துக்கொண்டே திரும்பி வந்து, உப்பு, புளி, மிளகாய் என்று ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். அந்த ஒரு பெண்ணால்தான் இந்த நகரம் தமக்கு வீடானது என்று சொல்லும்போது தாயாரின் கண்கள் கலங்கின.

"இப்போது நீங்கள் அந்த மராத்திய அம்மாளின் இடத்தில் இருக்கிறீர்கள்" என்றேன். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் இதுவே. அந்நிய பாஷையின் நடுவே வாழ வருபவர் மேல் கற்கும் பாரம் முழுவதையும் சுமத்தக் கூடாது. யாருடைய வீட்டில் வாழ்கிறார்களோ, அந்த வீட்டார் முதல் அடியை எடுத்து வைக்க வேண்டும்.

தமிழரும் சீனரும் ஒருவரையொருவர் இப்போதுதான் சந்திக்கிறார்கள் என்று எண்ணாதீர்கள். இலங்கையின் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் கல்வெட்டு 1409-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே நிறுவிய அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளும் அருகருகே செதுக்கப்பட்டுள்ளன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழரும் சீனரும் மணந்து உண்டான குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. நம் நீலகிரியிலேயே, நடுவட்டம் பக்கத்தில் தமிழ்ப் பெண்களை மணந்து குடியேறிய சீனரைக் குறித்து எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். நமக்கு முன்னே அநேகர் இந்தப் பாதையில் நடந்திருக்கிறார்கள்.

ஒரே சொல், நான்கு ஓசைகள்

சீனாவின் பொதுமொழியாகிய மாண்டரினில் ஒரு சொல்லை எந்த ஓசையில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறிவிடும். 'மா' என்பதை உயர்ந்த சம ஓசையில் சொன்னால் தாய். ஏறும் ஓசையில் சொன்னால் சணல். தாழ்ந்து எழும் ஓசையில் சொன்னால் குதிரை. இறங்கும் ஓசையில் சொன்னால் திட்டுதல். துணிச் சந்தையில் வேலை செய்த நம் சகோதரன் முதலில் இடறியது 'மை' என்ற சொல்லில்தான். தாழ்ந்து எழுந்தால் வாங்குவது. சட்டென்று இறங்கினால் விற்பது. வாங்கப் போனவன் விற்கவந்தவன்போலப் பேசிக்கொண்டிருந்தான் என்று அவன் மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் தமிழ் கற்கத் தொடங்கியபோது அவளுடைய இடறல்கள் வேறுவிதமாக இருந்தன. சீன மொழியில் வினைச்சொல் காலத்துக்கோ ஆளுக்கோ ஏற்ப மாறுவதில்லை. 'போ' என்ற ஒரே சொல்தான். நேற்று, நாளை என்ற சொற்களே காலத்தைக் காட்டும். ஆகவே, "நேற்று நான் கடை போ" என்பாள். பேச்சில் அவன், அவள் இரண்டுக்கும் 'தா' என்ற ஒரே ஓசைதான். ஆகவே என்னைக் குறித்து, "பாஸ்டர் வந்தாள், டீ குடித்தாள்" என்றாள். அன்று வீடே சிரித்தது, நானும் சிரித்தேன்.

ஆனால் மற்றொரு நாள் எவரும் சிரிக்கவில்லை. அவள் மேசையில் உணவை வைத்துவிட்டு, மாமனாரைப் பார்த்து, "மாமா, வா! சாப்பிடு!" என்று அழைத்தாள். ஐம்பது பேருக்கு வேலை கொடுத்த மனிதர் அவர். சாப்பிடாமலே எழுந்துபோய்விட்டார். அவளுக்கோ தான் என்ன குற்றம் செய்தோம் என்றே விளங்கவில்லை. சீனத்திலும் மரியாதைக்குரிய 'நின்' என்ற முன்னிலைச் சொல் உண்டு. ஆனால் வினைச்சொல்லின் முடிவில் மரியாதையை ஏற்றிச் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. 'வா' என்பதற்கும் 'வாங்க' என்பதற்கும் நடுவே ஒரு குடும்பத்தின் மானமே இருக்கிறது என்பதை அவளுக்கு எவரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் மாமியார்தான் வழி கண்டார். "கண்ணு, பெரியவங்க யாராயிருந்தாலும் கடைசியில் ஒரு 'ங்க' போட்டுக்கொள்" என்று சொல்லி, வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க என்று பழக்கினார். ஒரு வாரத்தில் அவள் எட்டு வயதுச் சிறுவனுக்கும் 'ங்க' போடத் தொடங்கிவிட்டாள். மாமனார் உணவு மேசைக்குத் திரும்பினார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சீனத்தில் மனிதனைக் குறிக்கும் 'ரென்' என்னும் சொல்லின் முதல் ஒலி நம்முடைய ழகரத்துக்கு மிக நெருங்கியது. மும்பையில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் "வாளப்பளம்" என்று சொல்லிக்கொண்டிருக்க, செஜியாங்கிலிருந்து வந்த அவள் முதல் நாளே "வாழைப்பழம்" என்றாள்! தமிழ் பேசும் வீட்டில் பிறந்தும் தமிழைக் கைவிட்ட நம் பிள்ளைகளைக் குறித்து அன்று எனக்கு வெட்கமாயிருந்தது.

பெரியப்பாவும் சித்தப்பாவும் அங்கேயும் உண்டு

வேற்றுமைகளையே எண்ணிக்கொண்டிராமல், பொதுவானவற்றையும் தேடுங்கள். ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்ற ஒரே சொல் எல்லாருக்கும் போதும். தமிழருக்கும் சீனருக்கும் போதாது. அவர்களிடத்தில் தகப்பனின் மூத்த சகோதரர் 'போபோ', இளையவர் 'ஷூஷு', தாயின் சகோதரர் 'ஜியுஜியு', தகப்பனின் சகோதரி 'கூகு'. அண்ணனுக்கும் தம்பிக்கும், அக்காளுக்கும் தங்கைக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. மூத்தோரைப் பெயர் சொல்லி அழைப்பது அங்கேயும் அவமரியாதை. ஆங்கிலத்தைவிடச் சீனத்தின் வழியாகவே நம் உறவுமுறையை அவளுக்கு எளிதாக விளக்க முடிந்தது.

ஓரிடத்தில் மட்டும் அவள் திகைத்தாள். தாய்மாமனும் மாமனாரும் ஒரே 'மாமா' ஆவது எப்படி? நம் முறைமணத்தின் அடையாளம் அந்தச் சொல்லில் இருக்கிறது. சீனாவிலோ, அத்தை மகன், மாமன் மகள் போன்ற நெருங்கிய உறவினரை மணப்பதைச் சட்டமே தடுக்கிறது. அங்கே மணநாளில் மருமகள் கணவனின் பெற்றோருக்குத் தேநீர் கொடுத்து, அன்றுமுதல் அவர்களை அப்பா, அம்மா என்றே அழைக்கத் தொடங்குவாள். அவர்கள் சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுப்பார்கள். நம் தாயாரை அவள் 'அத்தை' என்று அழைக்கவில்லை. 'அம்மா' என்றே அழைத்தாள். உறவினர் சிலர் திருத்த முயன்றபோது, "அது அவள் வீட்டு முறை, விட்டுவிடுங்கள்" என்றார் தாயார்.

சந்திக்கும்போது "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்கும் பழக்கமும் இருவருக்கும் பொது. 'ச்சி-லெ-மா' என்று முதியவர்கள் அங்கே கேட்பார்கள். கேட்டவர் விருந்து வைக்கப்போவதில்லை. அன்பைத் தெரிவிக்கிறார், அவ்வளவே. வீட்டாருக்குள்ளே ஓயாமல் 'நன்றி' சொன்னால், ஏதோ அந்நியரிடம் பேசுவதுபோல இருக்கிறது என்று இரு வீட்டாரும் நினைக்கிறார்கள். மறுக்க விரும்பும்போது நாம் "பார்க்கலாம்" என்பதுபோல, அவர்களும் "பிறகு பேசலாம்" என்று முடித்துவிடுவார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் இரு தரப்பிலும் ஏமாற்றமே மிஞ்சும்.

நான் கொடுத்த கடிகாரம்

இப்போது என் தவற்றை அறிக்கையிடுகிறேன். அந்த ஆண்டு நவம்பரில் நடந்த விவாகத்துக்குப் பெண்ணின் பெற்றோர் மும்பைக்கு வந்தார்கள். சபையின் சார்பில் அவர்களுக்கு நான் ஓர் அழகிய சுவர்க்கடிகாரத்தைப் பரிசளித்தேன். நம் கலியாண வீடுகளில் அதுதானே வழக்கம்! பெற்றுக்கொண்ட அந்த அம்மாளின் முகம் வெளிறியது. அவர் கணவர் தரையைப் பார்த்தார். நானோ அவர்கள் பரவசப்பட்டதாக எண்ணிக் கைகுலுக்கினேன்.

சீனத்தில் 'கடிகாரம் கொடுப்பது' என்ற சொற்களும், 'மரணப்படுக்கையில் இருப்பவரை வழியனுப்புவது' என்ற சொற்களும் ஒரே ஓசையுடையவை. கலியாண வீட்டில் நான் அவர்களுக்குச் சாவுச்செய்தி கொடுத்திருக்கிறேன்! மணமகள் விரைந்து தன் தாயிடமிருந்து ஒரு நாணயத்தை வாங்கி என் கையில் திணித்தாள். விலை கொடுத்து வாங்கிவிட்டால் அது பரிசாகாது என்பது அவர்களின் பரிகாரம். அந்தச் சீன நாணயம் இன்றும் என் மேசையில் இருக்கிறது. வாய் திறக்குமுன் விசாரித்து அறியவேண்டும் என்பதை எனக்கு நினைவுபடுத்தவே அதை வைத்திருக்கிறேன்.

நீங்களும் இவற்றை அறிந்துகொள்ளுங்கள். நான்கு என்ற எண் 'சாவு' என்ற சொல்லின் ஓசையை ஒத்ததால், அன்பளிப்பாகக் கொடுக்கும் தொகையில் அதைத் தவிர்ப்பார்கள். எட்டு விருப்பமான எண். பேரிக்காயைப் பங்கிடுவது பிரிவைக் குறிக்கும் சொல்லை ஒத்தது. உணவுக் குச்சிகளைச் சோற்றில் நிமிர்த்திக் குத்தி வைத்தால் இறந்தோருக்கு ஏற்றும் ஊதுவத்தியை நினைவூட்டும். பொருளை இரண்டு கைகளாலும் கொடுப்பதும் வாங்குவதும் மரியாதை. நாம் சம்மதம் தெரிவிக்கத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது அவர்களுக்கு மறுப்பாகத் தோன்றும். அந்தச் சம்பந்தி, தமிழர் எல்லாரும் எதைக் கேட்டாலும் 'இல்லை, இல்லை' என்கிறார்களே என்று இரண்டு நாள் வருந்தினாராம்!

வெண்மை அங்கே துக்கத்தின் நிறம், சிவப்பே மங்கலம். சீன நகரங்களில் இக்காலத்து மணமகள் வெள்ளைக் கவுன் அணிவதும் உண்டு. ஆயினும் முதியோர் மனம் முழுவதும் ஒப்புவதில்லை. நம் மணமகள் ஆராதனையில் வெள்ளைச் சேலை உடுத்தினாள். அதன்மேல் அவள் தாய் ஒரு சிவப்புப் பூவைக் குத்திவிட்டார். மாலை வரவேற்பில் சிவப்பு உடை அணிந்தாள். இருவர் மனமும் நோகவில்லை.

கொடுப்பது யார், வாங்குவது யார்?

இங்கே சற்றுக் கடினமாகப் பேச வேண்டியிருக்கிறது. சீனாவில் மணமகன் வீட்டார்தான் பெண் வீட்டாருக்கு மணப்பரிசாகப் பணம் கொடுப்பது வழக்கம். அதற்கு 'சாய்லி' என்று பெயர். மணமகன் வீடு வாங்கி வைத்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. விவாகத்தைக் காட்டிப் பணம் வற்புறுத்திப் பெறுவதை அந்நாட்டுச் சட்டம் தடைசெய்கிறது. மணப்பரிசை எப்போது திருப்பித் தரவேண்டும் என்பதைத் தெளிவாக்கும் உச்ச நீதிமன்ற விதிகள் 2024 பிப்ரவரி 1 முதல் அங்கே நடைமுறையில் உள்ளன.

நம் வழக்கமோ நேர் எதிரானது. 1961-இலேயே வரதட்சணைத் தடைச்சட்டம் வந்தும், பெயரை மாற்றி, 'அன்பளிப்பு', 'பிள்ளைக்குச் செய்வது' என்று வாங்குகிறவர்கள் சபைகளிலும் இருக்கிறார்கள். நம் தகப்பனின் உறவினர் ஒருவர், "பெண் வீட்டார் என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டார். மகன் இதை மொழிபெயர்த்தபோது, பெண்ணின் தகப்பன், "நான் என்ன செய்ய வேண்டும்? என் மகளையல்லவா கொடுக்கிறேன்" என்று வியப்போடு சொன்னார். அந்த அறையில் எவரும் பதில் பேசவில்லை. இரு வழக்கங்களும் மோதிக்கொண்டபோது, இரு குடும்பமும் ஒன்றும் வாங்காமல், ஒன்றும் கேட்காமல் விவாகத்தை முடித்தார்கள். அந்நிய கலாசாரம் நம்முடைய அழுக்கை நமக்குக் காட்டும் கண்ணாடியாகவும் அமைகிறது, அன்பானவர்களே.

ஒரே பிள்ளையைக் கொடுத்தவர்கள்

சீனாவில் 1980 முதல் 2015 வரை ஒரு குழந்தைக் கொள்கை நடைமுறையில் இருந்தது. ஆகையால் அந்தக் காலத்தில் பிறந்த நகரத்துப் பெண் பெரும்பாலும் தன் பெற்றோருக்கு ஒரே பிள்ளை. முதிர்வயதில் பெற்றோரைத் தாங்குவது பிள்ளைகளின் கடமை என்று சட்டமும் சொல்கிறது. "கட்டிக்கொடுத்தாயிற்று, இனி அவள் நம் வீட்டுப் பெண்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்த இருவருக்கும் அவளைத் தவிர வேறொருவரும் இல்லை. சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாளில் மணமான மகள் கணவனோடு தாய்வீட்டுக்குப் போவது வழக்கம். நம் வீட்டுத் தலைக்கிறிஸ்துமஸ் எப்படியோ அப்படி. அந்தப் பயணத்தை ஒருபோதும் தடுக்காதீர்கள்.

2020 ஜனவரியில் நம் தம்பதியர் விடுமுறைக்காக மும்பைக்கு வந்தார்கள். கொள்ளைநோய் பரவியது, விமானங்கள் நின்றன, சீனா தன் வாசலை அடைத்தது. ஜூன் மாதத்தில் கல்வான் பள்ளத்தாக்கு மோதலுக்குப்பின், வீசாட் உட்பட 59 சீனச் செயலிகளை இந்தியா தடைசெய்தது. பெண்ணின் தாய் அறிந்தது வீசாட் ஒன்றே. நாம் நம்பியிருக்கும் வாட்ஸ்அப் சீனாவில் தடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு மகளும் தாயும் முகம் பார்த்துப் பேசுவதற்கு வழியில்லாமற்போயிற்று. சாதாரணத் தொலைபேசி அழைப்பும், மின்னஞ்சலில் அனுப்பிய புகைப்படங்களுமே மிஞ்சின. தெருவில் சிலர் அவளைப் பார்த்துக் 'கொரோனா' என்று கூவினார்கள். அவள் வெளியே போவதையே நிறுத்திவிட்டாள்.

2021-இன் தொடக்கத்தில் அவள் ஒரு பெண்குழந்தையைப் பெற்றாள். பேறுகாலத்துக்குத் தாய் வர இயலவில்லை. சீனாவில் பிள்ளைபெற்றவள் ஒரு மாதம் வீட்டுக்குள் இளைப்பாறுவாள். குளிர்ந்த நீரைத் தொடமாட்டாள். பழைய முறைப்படி தலைக்கு ஊற்றவும் மாட்டாள். நம் தாயாரோ வெந்நீர் காய்ச்சி, சாம்பிராணி போட்டு, தலைக்கு ஊற்ற ஆயத்தமாக நின்றார். மருமகள் அழுதாள், மாமியார் கோபித்துக்கொண்டார். அவரவர் பாட்டி சொல்லிக்கொடுத்ததை அவரவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிரவு தாயார் தாமே மகனை அழைத்து, "அவள் அம்மாவுக்குப் போன் போடு" என்றார். மகன் நடுவிலிருந்து மொழிபெயர்க்க, இரண்டு பாட்டிமாரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். அந்த அம்மாள் இஞ்சி, நல்லெண்ணெய், கருஞ்சர்க்கரை, முட்டை என்றார். இவர் சுக்கு, பூண்டுக்குழம்பு, கருப்பட்டி, பால்சுறாப் புட்டு என்றார். இஞ்சியும் எள்ளும் இரு வீட்டுக்கும் பொது என்று கண்டு இருவரும் வியந்தார்கள். குளிக்கும் காரியத்தை மருத்துவர் தீர்மானிக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒரு மாதம் நிறைந்த நாளில், சீன வழக்கப்படி முட்டைகளுக்குச் சிவப்புச் சாயமேற்றி அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தார் நம் தாயார். அவளைக் 'கொரோனா' என்றவர்களின் வீட்டுக்கும் இரண்டு முட்டைகள் போயின.

விவாகத்துக்கு முன்னே பேசவேண்டியவை

மகனே, மகளே, உங்களுக்கும் சில வார்த்தைகள். காதலிக்கும் நாட்களில் ஆங்கிலம் போதுமென்று தோன்றும். சண்டை வரும்போது போதாது. இருவருக்கும் தாய்மொழியல்லாத பாஷையில் கோபிக்கும்போது, சொல்ல நினைத்ததைவிடக் கூர்மையான சொல்லே வாயில் வரும். கைப்பேசி மொழிபெயர்ப்பு கடைவீதிக்கு உதவும். ஊடலைத் தீர்க்க உதவாது. ஆகையால் ஒருவர் மொழியை ஒருவர் கற்றுக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் போதும். பெற்றோருக்கும் துணைவருக்கும் நடுவே நீங்கள் மட்டுமே எக்காலமும் மொழிபெயர்ப்பாளராக நிற்காதீர்கள். கசப்பானதை மறைத்து இனிப்பாக மொழிபெயர்த்தால், அது ஒருநாள் வெளியே வந்தே தீரும்.

முன்னோர் வணக்கத்தைக் குறித்து விவாகத்துக்கு முன்னரே தெளிவாகப் பேசுங்கள். ஏப்ரல் 4 அல்லது 5-இல் வரும் சிங்மிங் நாளில் சீனக் குடும்பங்கள் முன்னோரின் கல்லறைகளைச் சுத்தம் செய்து வணங்குகின்றன. கல்லறையைத் துப்புரவாக்கிப் பூ வைத்து மரியாதை செய்வது வேறு, ஊதுவத்தி ஏற்றி வழிபடுவது வேறு என்பதைத் தாழ்மையோடு விளக்கலாம். பெற்றோரை அவமதிக்கிறான் என்ற எண்ணம் மட்டும் அவர்களுக்கு வரவிடாதீர்கள். உங்கள் விசுவாசத்தையும் வற்புறுத்தித் திணிக்காதீர்கள். அவள் கேட்கும் கேள்விகளை அவள் மொழியிலேயே கேட்கட்டும். 1919 முதல் சீனத் திருச்சபைகள் வாசித்துவரும் வேதாகமம் அவளுக்கு உண்டு. பெந்தெகொஸ்தே நாளில் கூடியிருந்த பல தேசத்தாரும் அவரவர் பாஷையிலேயே கேட்டார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

சட்டத்தையும் அசட்டை செய்யாதீர்கள். விவாக வயது நம் நாட்டில் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18. சீனாவில் 22, 20. இந்தியாவில் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்வதானால், இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாட்கள் குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்புக்குப்பின் மேலும் 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். சீனாவில் பதிவு செய்வதானால், மணமாகாதவர் என்ற சான்று அவசியம். அங்கே துணைவருக்கான கியூ-1 விசாவில் செல்பவர், நுழைந்த 30 நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த அனுமதி மட்டும் இருந்தால் வேலைக்குப் போக முடியாது. இரு நாடுகளும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆகவே பிள்ளை எந்நாட்டுக் குடியாக இருக்கும் என்பதைப் பிறக்குமுன்னரே தீர்மானியுங்கள். சீனாவில் பிள்ளைக்குத் தகப்பனின் அல்லது தாயின் குடும்பப்பெயரைச் சூட்ட வேண்டும். தமிழருக்கோ தலைப்பெழுத்தே உண்டு, குடும்பப்பெயர் இல்லை! நம் தம்பதியர் பேத்திக்குச் சீனத்தில் தாயின் குடும்பப்பெயரோடு ஒரு பெயரும், தமிழில் தகப்பனின் பெயரோடு ஒரு பெயரும் வைத்தார்கள்.

இரண்டு பாட்டிமார்

2023 ஜனவரியில் சீனா தன் எல்லையைத் திறந்தது. அந்த ஆண்டில்தான், இரண்டு வயதைத் தாண்டிய பேத்தியை அந்தப் பாட்டி முதன்முதலாகக் கையில் எடுத்தார். 2025 அக்டோபரில் இரு நாடுகளுக்கும் இடையே நேரடி விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கின. அதற்கு அடுத்த மாதம் நம் தாயார், தம் வாழ்நாளில் முதல்முறையாகக் கடல்கடந்து, சம்பந்தி வீட்டுக்குப் போனார்.

திரும்பி வந்ததும் என்னைப் பார்க்க வந்தார். அந்த அம்மாள் பேசுவது ஷாவ்ஷிங் வட்டாரப் பேச்சு. மாண்டரின் கற்ற மகனுக்கே அது பாதி விளங்காதாம். "பிறகு எப்படி அம்மா சமாளித்தீர்கள்?" என்று கேட்டேன்.

"காலையில் எழுந்ததும் நான் அவங்களைப் பார்த்து 'ச்சி-லெ-மா' என்பேன் ஐயா. அவங்க என்னைப் பார்த்து 'சாப்டாச்சா' என்பாங்க. பேத்தி சொல்லிக்கொடுத்தது. பிறகு இரண்டு பேரும் சமையலறைக்குப் போய்விடுவோம். உப்பு எது, சர்க்கரை எது என்று அவங்க ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாங்க."

பிரியமானவர்களே, உங்கள் வீட்டுக்கு வரப்போகும் அந்நியர் எந்தத் தேசத்தாராக இருந்தாலும், அவருடைய பாஷையில் ஐந்து சொற்களையாவது இன்றே கற்றுக்கொள்ளத் தொடங்குங்கள். நீங்கள் இந்நகரத்துக்கு வந்த நாளில் உங்களுக்கு உப்பைக் காட்டியவரை நினைத்துக்கொள்ளுங்கள். கர்த்தர்தாமே உங்கள் இல்லங்களையும், எல்லை கடந்து சேர்ந்த உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.